பெடல் உள்ளே போய் எழ மறுக்கிறதா? கிளட்ச் ஏர் எடுப்பது பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் நிறைய கிளட்ச் பற்றியவை, அதிலும் ஆயிலில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச். மாருதி 800, ஆல்டோ மாதிரி கேபிள் கிளட்ச் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்காகப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். கிளட்ச் ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவதைத்தான் ஏர் எடுப்பது என்கிறோம்.

கேள்வி: என்னுடையது 10 வருட டீசல் கார். கொஞ்ச நாளாகக் கிளட்ச் பெடல் சொதசொதவென்று இருக்கிறது. காலையில் ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று சத்தம், பெடலை நாலு தடவை அடித்துவிட்டுப் போட்டால் விழுகிறது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஏர் எடுத்துக் கொடுத்தார்கள், ஒரு வாரம் நன்றாக இருந்தது, திரும்பவும் அதே கதை. ஒவ்வொரு முறையும் அங்கே போவதற்குப் பதில் நானே வீட்டில் ஏர் எடுத்துக்கொள்ளலாமா சார்?
வாசகர், திண்டுக்கல்

பதில்: எடுத்துக்கொள்ளலாம், கஷ்டமான வேலை இல்லை. ஆனால் உங்களுக்கு அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது, அந்த ஆயில் பைப் வழியாகப் போய் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளுகிறது, அது ஃபோர்க்கைத் தள்ளி ரிலீஸ் பேரிங்கை பிரஷர் பிளேட்டின் மேல் அழுத்துகிறது, கிளட்ச் விடுபடுகிறது. இந்த மூடிய பாதைக்குள் காற்று தானாக முளைக்காது. ஒன்று, ஆயில் கசிகிற இடம் வழியாகவே காற்றும் உள்ளே வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மேலே டப்பாவில் ஆயில் தீர்ந்து அங்கிருந்து இறங்கியிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் யாராவது பைப்பைக் கழற்றி மாட்டியிருக்க வேண்டும். ஒரே வாரத்தில் திரும்ப ஏர் பிடித்திருக்கிறது என்றால் எங்கோ ஒரு சீல் போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். அதைப் பார்க்காமல் ஏர் எடுத்துக்கொண்டே இருந்தால் ஆயிலும் நேரமும்தான் செலவாகும்.

கொஞ்சம் காற்றுக்கு இவ்வளவு தொல்லையா என்று நினைக்க வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 16 மி.மீ., பெடலை முழுக்க மிதித்தால் பிஸ்டன் 30 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மிதிக்குத் தள்ளப்படும் ஆயில் வெறும் 6 மி.லி., ஒரு டீஸ்பூனை விடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதில் 2 மி.லி. காற்று இருந்தால் உங்கள் மிதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காற்றை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும். மீதியை வைத்துக் கிளட்ச் பாதிதான் விலகும், கிளட்ச் டிஸ்க் சுற்றிக்கொண்டே இருக்கும், கியர் கர்ரென்று கத்தும். ரிவர்ஸில் முதலில் தெரிவதற்குக் காரணம், பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு சிங்க்ரோமெஷ் (கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. மற்ற கியர்களும் அதே வேதனையைத்தான் அனுபவிக்கின்றன, சத்தமில்லாமல் சிங்க்ரோ வளையத்தைத் தேய்த்துக்கொண்டு. அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கசிவைத் தேட மூன்று இடம் பாருங்கள். முதலில் டிரைவர் சீட் பக்கம் குனிந்து, பெடலிலிருந்து போகும் கம்பி மாஸ்டர் சிலிண்டருக்குள் நுழைகிற இடத்தில் விரலை வைத்துத் தடவுங்கள். ஈரம் இருந்தாலோ, மேட் மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ மாஸ்டரின் பின் சீல் போய்விட்டது. அடுத்தது ஸ்லேவ் சிலிண்டர். வெளியே பொருத்தியிருக்கும் வகையாக இருந்தால் அதன் ரப்பர் உறையை லேசாக விலக்குங்கள், உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் அதுதான் குற்றவாளி, சொட்டு கீழே விழாமல் உறைக்குள்ளேயே நிற்பதால் பலர் இதைத் தவறவிடுகிறார்கள். மூன்றாவது, என்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தின் அடிப்பாகம். அங்கே ஈரம் இருந்தால் அதைப் பற்றி கோவை வாசகருக்குச் சொல்லும் பதிலைப் படியுங்கள். இவை தவிர பைப் இணைப்புகள், ரப்பர் ஹோஸ் முனைகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பாதான். பிரேக் பேட் தேயத் தேய டப்பாவில் மட்டம் தானாகக் கொஞ்சம் இறங்கும், அது கசிவு இல்லை. ஒரு மாதத்தில் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கினால்தான் கசிவு.

கேள்வி: யூடியூபில் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாகச் செய்கிறார்கள். தம்பி பெடல் மிதிக்க வருவான். முதலிலிருந்து கடைசிவரை எப்படிச் செய்வது என்று நீங்கள் சொல்லுங்கள். கார் 7 வருடம் பழையது, கிளட்ச் ஆயில் இதுவரை மாற்றியதே இல்லை. ஏபிஎஸ் இருக்கிறது, அதற்கு ஏதாவது ஆகுமா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கிளட்ச் பைப் ஏபிஎஸ் யூனிட் வழியாகப் போவதில்லை, அதனால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரே டப்பா என்றால் ஆயில் மட்டத்தைக் கவனக்குறைவாக இறங்க விட்டுவிடக் கூடாது, அப்புறம் பிரேக்கிலும் ஏர் எடுக்கிற வேலை சேர்ந்துவிடும். டப்பாவின் பக்கவாட்டில் கிளட்சுக்குப் போகும் குழாய் சற்று மேலே இருக்கும், பிரேக்குக்குப் போகும் வழிகள் அடியில் இருக்கும். கிளட்ச் கசிந்து ஆயில் போனாலும் பிரேக்குக்கு என்று கொஞ்சம் மிஞ்ச வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் இதனாலேயே டப்பாவில் பாதி ஆயில் இருப்பது போல் தெரியும்போதே கிளட்ச் குழாய் காற்றை இழுக்க ஆரம்பித்துவிடும்.

வேண்டியவை: உங்கள் கார் கையேட்டில் சொன்ன தரத்தில் சீல் உடைக்காத புது ஆயில் அரை லிட்டர் (பெரும்பாலும் பிரேக் ஆயில்தான்), நிப்பிளுக்கு, அதாவது ஸ்லேவ் சிலிண்டரில் காற்றை வெளியே விடுவதற்கு இருக்கும் துளையுள்ள சின்னத் திருகுக்கு, சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 8, 10 அல்லது 11 மி.மீ.), நிப்பிளில் இறுக்கமாக நுழைகிற, உள்ளே பார்க்க முடிகிற பிளாஸ்டிக் டியூப், மீன்தொட்டிக்கு வாங்கும் டியூப் பல கார்களுக்குச் சரியாக இருக்கும், ஒரு காலி பாட்டில், பழந்துணி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், இந்த ஆயில் கண்ணில் தெறித்தால் கடுமையாக எரியும், உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பெயிண்டில் பட்டாலும் உரித்துவிடும், தேய்க்காமல் தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள்.

காரைச் சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு டயருக்குக் கட்டை வையுங்கள். பல கார்களில் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றினால் மேலிருந்தே ஸ்லேவ் சிலிண்டர் எட்டும். கீழே போய்த்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்டாண்டு வைக்காமல் வெறும் ஜாக்கியை நம்பிக் காரின் அடியில் தலையை விடாதீர்கள், எவ்வளவு அவசரமாக இருந்தாலும்.

டப்பா மூடியையும் நிப்பிளைச் சுற்றியும் முதலில் துடையுங்கள், பிறகு திறங்கள். பழைய ஆயிலை ஒரு சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது ஆயிலை மேக்ஸ் கோடு வரை ஊற்றுங்கள். நிப்பிளில் டியூபை மாட்டி, மறு முனையை பாட்டிலில் கொஞ்சம் ஆயில் ஊற்றி அதற்குள் மூழ்கியபடி வையுங்கள். இப்போது யாரும் பெடலைத் தொட வேண்டாம். டப்பா மூடியைத் தளர்வாக வைத்துவிட்டு நிப்பிளை அரைச் சுற்றுத் திறந்து விடுங்கள், ஆயில் தன் எடையிலேயே மெதுவாக இறங்கும். கால் மணி நேரம் அப்படியே விடலாம், ஆனால் டப்பாவை விட்டு நகரக் கூடாது, இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 7 வருடப் பழைய ஆயில் காப்பி நிறத்தில் வரும், அது போய்ப் புது ஆயிலின் தெளிவான நிறம் டியூபில் தெரிகிற வரை விடுங்கள். எனக்கு மிகப் பிடித்த முறை இதுதான். பொறுமை தவிர வேறொன்றும் தேவையில்லை, நுரை கிளம்பாது, சில கார்களில் இதோடு வேலையே முடிந்துவிடும். சில கார்களில் ஆயில் தானாக இறங்கவே இறங்காது, அப்போது இதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

நிப்பிளை மூடிவிட்டுத் தம்பியை உட்கார வையுங்கள். அவர் பெடலை மெதுவாக அடிவரை மிதித்து "மிதிச்சாச்சு" என்று குரல் கொடுத்துவிட்டு அப்படியே பிடித்திருக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைத் திறங்கள், ஆயிலோடு குமிழ்கள் வரும், வேகம் குறைந்ததும் மூடுங்கள், மூடிய பிறகு "விடு" என்று சொல்லுங்கள். வரிசை மாறக் கூடாது. நிப்பிள் திறந்திருக்கும்போது பெடல் மேலே வந்தால் வெளியே போன காற்றைவிட அதிகமாக உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பிரேக்கில் ஏர் எடுத்துப் பழகியவர்கள் கூட ஒரு விஷயத்தில் தடுமாறுவார்கள். நிப்பிளைத் திறந்தவுடன் கிளட்ச் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டு எழாது. பயப்பட வேண்டாம், பெடலில் இருக்கிற உதவி ஸ்பிரிங் அதைக் கீழேயே பிடித்து வைக்கும். தம்பி கையையோ காலையோ பெடலுக்கு அடியில் கொடுத்து, மெதுவாக மேலே தூக்க வேண்டும், தூக்கிய பின் இரண்டு மூன்று விநாடி காத்திருக்க வேண்டும், அப்போதுதான் டப்பாவிலிருந்து ஆயில் இறங்கி சிலிண்டர் நிரம்பும். படபடவென்று அடிக்கவே கூடாது. அடித்தால் சோடா பாட்டிலைக் குலுக்கியது போல் பெரிய குமிழ் உடைந்து பொடிக் குமிழ்களாகி ஆயில் முழுக்கப் பரவிவிடும், அப்புறம் அது வெளியே வர மணிக்கணக்கில் ஆகும்.

நாலைந்து மிதிக்கு ஒருமுறை டப்பாவைப் பாருங்கள். குமிழ் நின்ற பிறகும் சில மிதிகள் சேர்த்து எடுத்துவிட்டு நிப்பிளை மூடுங்கள். சின்னத் திருகுதான் அது, ஸ்பேனரைக் குட்டையாகப் பிடித்து இறுக்கினால் போதும், முழு பலத்தைப் போட்டால் உடைந்து நிற்கும். ரப்பர் மூடியை மறக்காமல் போட்டு, சிந்திய இடத்தையெல்லாம் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

சோதிப்பதற்கு: ஹேண்ட்பிரேக் போட்டு என்ஜினை ஓட விட்டு, கிளட்சை அடிவரை மிதித்து, நாலு விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் சரி. பெடல் ஒரே மிதியில் கெட்டியாக இருக்க வேண்டும், இரண்டாவது மிதியில் உயர்ந்தால் இன்னும் காற்று இருக்கிறது.

கேள்வி: நீங்கள் சொல்வது போலத்தான் செய்தேன், இன்னும் சொல்லப்போனால் ஒரு லிட்டர் ஆயிலே காலி. ஸ்லேவ் சிலிண்டர் புதிது, மாஸ்டரும் புதிது. குமிழ் வருவது நின்றுவிட்டது, பெடல் மட்டும் இன்னும் பாதிக்குமேல் வெறுமையாகப் போகிறது. கையில் பிடித்து உறிஞ்சும் வேக்குவம் பம்ப் வாங்கினேன், அதில் குமிழ் நிற்கவே மாட்டேன் என்கிறது. எதை நம்புவது?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: பம்பில் வருகிற குமிழை நம்பாதீர்கள். நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரை வழியாக வெளிக்காற்று உறிஞ்சப்பட்டு டியூபுக்குள் வரும், அது சிஸ்டத்துக்குள் இருந்த காற்றே இல்லை. மரையைச் சுற்றி டெஃப்லான் டேப் அல்லது கெட்டியான கிரீஸ் தடவினால் குறையும், ஆனால் ஆயில் போகும் துளையில் அது படக் கூடாது.

உங்கள் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. பல கார்களில் மாஸ்டர் சிலிண்டர் சாய்வாக, முனை மேல்நோக்கி இருக்கும். பைப்பும் ஓரிடத்தில் ஏறி வளைந்து பிறகுதான் கீழே இறங்கும். காற்று எப்போதும் மேலே போகத்தான் பார்க்கும். நாம் பெடலை மிதித்து அதைக் கீழ்நோக்கித் தள்ளுகிறோம், 6 மி.லி. ஆயிலுக்கு அந்த வளைவில் உட்கார்ந்திருக்கும் காற்றை ஒரே மூச்சில் கீழேவரை தள்ளிவிடும் வேகம் இல்லை, பெடல் எழுந்ததும் காற்று மறுபடி தன் இடத்துக்கே போய்விடுகிறது. இரண்டு சிலிண்டரும் புதிதாக, காய்ந்த நிலையில் மாட்டப்பட்டிருந்தால் இது கிட்டத்தட்ட உறுதி.

காற்று போக விரும்புகிற பக்கமே அதை அனுப்புங்கள், அதாவது கீழேயிருந்து மேலே. மெடிக்கல் கடையில் 50 மி.லி. சிரிஞ்சு புதிதாக ஒன்று வாங்கி, டியூபை மாட்டி, சிரிஞ்சிலும் டியூபிலும் ஒரு குமிழ் கூட இல்லாமல் புது ஆயிலை நிரப்புங்கள். டப்பாவில் முக்கால் பங்கு ஆயிலை முன்கூட்டியே உறிஞ்சி எடுத்து இடம் பண்ணி வையுங்கள், இல்லையென்றால் வழிந்து பெயிண்டைக் கெடுக்கும். டியூபை நிப்பிளில் மாட்டி, நிப்பிளைத் திறந்து, சிரிஞ்சை மெதுவாக, ஒரே சீராக அழுத்துங்கள். ஒருவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும், குமிழ்கள் பொல பொலவென்று அங்கே மேலே வரும். பெடல் முழுக்க மேலே இருக்க வேண்டும், மிதித்திருந்தால் மாஸ்டரிலிருந்து டப்பாவுக்குப் போகும் துளை அடைபட்டிருக்கும், அப்போது பலமாக அழுத்தினால் சீல்தான் கெடும். நிப்பிளை மூடிவிட்டுத்தான் சிரிஞ்சைக் கழற்ற வேண்டும். ஆனால் பழைய அழுக்கு ஆயில் இருக்கும் காரில் இதை முதல் வேலையாகச் செய்யக் கூடாது, கீழே தங்கியிருக்கும் கசடெல்லாம் மாஸ்டருக்குள் ஏறிவிடும். உங்களுடையது எல்லாம் புதிது, தாராளமாகச் செய்யலாம்.

ஸ்லேவ் சிலிண்டர் வெளியே இருக்கிற வகை என்றால் இன்னும் எளிதான ஒரு வழி உண்டு. அதன் இரண்டு போல்ட்டைக் கழற்றி, பைப்பைக் கழற்றாமல், பைப் சேருகிற முனை மேலே இருக்கும்படி கையில் பிடித்துக்கொண்டு, கம்பியை மெதுவாக உள்ளே தள்ளிப் பிடித்துவிட்டு மெதுவாக விடுங்கள். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஆயில் மேலே ஏறும், அதோடு காற்றும் டப்பாவுக்குப் போகும். அந்த நேரத்தில் யாரும் பெடலை மிதித்துவிடக் கூடாது, மிதித்தால் பிஸ்டன் சிலிண்டரை விட்டு வெளியே வந்து விழும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கார் கதவைப் பூட்டிவிட்டே இதைச் செய்யுங்கள்.

எல்லாம் முடிந்தும் கடைசியாகக் கொஞ்சம் மென்மை இருந்தால், பெடலை மிதித்த நிலையில் சீட்டுக்கும் பெடலுக்கும் இடையே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் எடுத்து, பெடலைத் தூக்கிச் சில முறை மெதுவாக மிதித்துப் பார்ப்பார்கள். பழைய மெக்கானிக்குகள் பலர் செய்வது இது. எல்லாக் காரிலும் பலிக்காது, ஆனால் பலித்த இடங்கள் உண்டு, செலவும் இல்லை.

கேள்வி: ஸ்லேவ் சிலிண்டரைத் தேடித் தேடி அலுத்துவிட்டேன், கண்ணில் படவே இல்லை. நிப்பிளும் தெரியவில்லை. கியர்பாக்ஸுக்கு அடியில் தரையில் ஈரமாக ஒரு வட்டம் இருக்கிறது.
வாசகர், கோவை

பதில்: உங்கள் காரில் அது கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்குக்கு (என்ஜினோடு சேரும் மணி வடிவ உறைக்கு) உள்ளே, என்ஜின் சுழற்சியை வாங்கும் இன்புட் ஷாஃப்டைச் சுற்றி வளையமாக உட்கார்ந்திருக்கிறது, ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து ஒரே பொருளாக. ரெனோ டஸ்டர், பழைய ஃபோர்டு ஃபிகோ போன்றவற்றில் இந்த அமைப்புத்தான். ஃபோர்க் கிடையாது, தேய்மானம் குறைவு, பெடல் மென்மையாக இருக்கும். ஆனால் சீல் போனால் கியர்பாக்ஸை இறக்காமல் கை வைக்க முடியாது.

இந்த வகையில் சில கார்களில் நிப்பிளுக்குப் பதில், பைப் கியர்பாக்ஸுக்குள் நுழைகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் இணைப்பும் கம்பி கிளிப்பும் இருக்கும். கிளிப்பை லேசாகத் தூக்கி, பைப்பை ஒரே ஒரு படி மட்டும் வெளியே இழுத்தால் அதுவே நிப்பிள் திறந்ததற்குச் சமம். அழுத்தி உள்ளே தள்ளினால் மூடிக்கொள்ளும். முழுசாக உருவிவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கிழிந்தால் புதுக் கசிவு ஆரம்பமாகும். பிளாஸ்டிக் பழையதாகி நொறுங்கும் நிலையில் இருக்கும், அவசரப்படாதீர்கள்.

ஆனால் தரையில் ஈரம் என்கிறீர்களே, அதைத் தொட்டுப் பாருங்கள். என்ஜின் ஆயிலோ கியர் ஆயிலோ என்றால் தண்ணீரில் கரையாது, பிரேக் ஆயில் வகை என்றால் தண்ணீர் ஊற்றியதும் கரைந்து போகும். கரைந்தால் உள் சிலிண்டர் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம், ஏர் எடுப்பதில் இனிப் பயனில்லை. கசிகிற ஆயில் கிளட்ச் டிஸ்க்கில் பட்டால் வழுக்கல் வேறு சேரும். கியர்பாக்ஸ் இறக்குகிற கூலிதான் இதில் பெரிய செலவு, அதனால் இறக்கும்போதே கிளட்ச் செட்டையும் இந்த சிலிண்டரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். ஒன்றை மிச்சம் பிடித்து மற்றதை மட்டும் மாற்றினால் ஓரிரு வருடத்தில் அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டி வரலாம். இதை வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: கிளட்ச் ஆயில் கேட்டால் டாட் 3, டாட் 4, டாட் 5 என்று கடையில் மூன்று வகை சொல்கிறார்கள். வீட்டில் இரண்டு வருடத்துக்கு முன் திறந்த டாட் 3 பாதி பாட்டில் இருக்கிறது. அதை ஊற்றலாமா? ரப்பர் கிட் மாற்றும்போது மெக்கானிக் சிலிண்டரை டீசலில் கழுவினார், அது சரியா?
வாசகர், ராமநாதபுரம்

பதில்: இரண்டுக்கும் இல்லை.

டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணம் உள்ளவை. புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸிலும் டாட் 4 குறைந்தது 230 டிகிரியிலும்தான் கொதிக்க வேண்டும் என்பது தர அளவு. ஈரம் ஏறிய பிறகு அது 140 ஆகவும் 155 ஆகவும் இறங்கிவிடலாம். உங்கள் ஊர் கடல் காற்றில் இரண்டு வருடம் திறந்து கிடந்த பாட்டில் எந்த நிலையில் இருக்கும் என்று யோசியுங்கள். கிளட்ச் பைப் எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் போகிற கார்களில் வெயில் நாளில் நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும் பெடல் மென்மையாகி, ஆறிய பின் சரியாவதற்கு இந்த ஈரம் ஒரு காரணம். ஈரம் சிலிண்டரின் உட்சுவரையும் அரிக்கும், அந்த அரிப்புச் சீலைக் கிழிக்கும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், சின்ன பாட்டிலாக வாங்குங்கள், மிஞ்சியதைச் சேமிக்காதீர்கள்.

டாட் 3 சொல்லியிருக்கும் காரில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 மட்டும் சிலிக்கான், மற்றவற்றோடு கலக்கவே கூடாது. 5-க்கும் 5.1-க்கும் பெயர்தான் பக்கத்தில், பொருள் முற்றிலும் வேறு. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்காமல் பாட்டிலைப் படித்துப் பாருங்கள்.

டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் இந்த ரப்பரில் படக் கூடாது. பிரேக் ஆயிலுக்கென்று செய்யும் ரப்பர் பெட்ரோலிய எண்ணெயில் ஊதிப் பெருத்துவிடும். என்ஜின் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயிலும் அப்படியே. உங்கள் மெக்கானிக் டீசலில் கழுவி நன்றாகக் காய வைத்திருந்தால் தப்பித்திருக்கலாம், ஆனால் அடுத்த முறை பிரேக் கிளீனரோ புது பிரேக் ஆயிலோ கொண்டு கழுவச் சொல்லுங்கள், தயங்காமல் சொல்லுங்கள். தவறாக வேறு எண்ணெய் ஊற்றிவிட்டால் வெறுமனே ஏர் எடுத்துப் பயனில்லை, அது தொட்ட ரப்பர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பொது டப்பா என்றால் பிரேக்கும் அதில் அடக்கம்.

கேள்வி: வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கும் வழியில் கிளட்ச் பெடல் திடீரென்று தரையோடு போய்விட்டது. குடும்பத்தோடு நடுவழியில் நின்று, கடைசியில் கட்டி இழுத்து வந்தோம். அந்த இடத்தில் நாங்களே ஏதாவது செய்திருக்க முடியுமா?
வாசகர், பொள்ளாச்சி

பதில்: 40 கொண்டை ஊசி வளைவுள்ள பாதையில் நின்று ஆள் வரவழைத்தது நல்ல முடிவு. ஆனால் தெரிந்துவைத்திருக்க வேண்டியவை சில உண்டு.

முதலில் ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, பெடலைக் கையால் மேலே தூக்கி மெதுவாகப் பல முறை அடித்துப் பாருங்கள். ஓரளவு அழுத்தம் திரும்பினால் கியர் போட அது போதும். பிறகு டப்பாவைப் பாருங்கள். மட்டம் MIN என்ற குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போயிருந்தாலோ, பிரேக் விளக்கு எரிந்தாலோ, பிரேக் பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ அந்த மலையில் ஒரு அடி கூட இறங்கக் கூடாது, கட்டி இழுப்பதும் கூடாது, ஏற்றிச் செல்லும் வண்டிதான் வர வேண்டும். ஆயில் இல்லையே என்று தண்ணீர், என்ஜின் ஆயில் எதையும் ஊற்றவும் கூடாது.

பிரேக் நன்றாக இருந்து கிளட்ச் மட்டும் போயிருந்தால் காரை ஓட்ட முடியும். என்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, முன்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் மோட்டார் காரைத் தள்ளிக்கொண்டே என்ஜினைக் கிளப்பும். ஒரு குலுக்கல் இருக்கும். கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற கார்களிலும் பெடலை மிதித்துக்கொண்டே செய்யலாம், அந்தச் சுவிட்ச் பெடலில்தான் இருக்கிறது, ஆயிலோடு அதற்குத் தொடர்பில்லை. ஓடத் தொடங்கிய பிறகு ஆக்சிலரேட்டரை விட்டதும் கியரை நியூட்ரலுக்கு இழுத்து, என்ஜின் வேகம் தணியும்வரை பொறுத்து, அடுத்த கியரை விரலால் தள்ளுவது போல் மெல்லத் தள்ளினால் தானே விழும். நிறுத்தும்போது நிற்பதற்குச் சற்று முன் நியூட்ரலுக்கு இழுத்துவிட வேண்டும். இறக்கத்தில் இரண்டாவது கியரிலேயே விட்டுவிட்டால் என்ஜின் பிரேக்கிங் முழுசாகக் கிடைக்கும், கிளட்ச் போனதால் அது போகாது. இது ஆளில்லாத இடத்திலிருந்து பக்கத்து ஊர் வரை போய்ச் சேர்வதற்கு மட்டும். நெரிசலிலும் ஏற்றத்திலும் செய்யாதீர்கள், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் அது பெரிய சுமை.

மலைக்குக் கிளம்பும் முன் டப்பாவைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. பெடல் திடீரென்று போனது போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் அதற்குப் பல நாள் முன்பே மட்டம் இறங்கத் தொடங்கியிருக்கும்.

கேள்வி: எங்கும் கசிவு இல்லை, ஆயில் குறையவும் இல்லை. சிக்னலில் முதல் கியரில் கிளட்சை மிதித்தபடி நின்றால் சில விநாடியில் கார் தானாக முன்னால் நகரப் பார்க்கிறது. ஏர் எடுத்தும் மாற்றமில்லை.
வாசகர், புதுச்சேரி

பதில்: மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல். நீங்கள் பிடித்திருக்கும் அழுத்தம் அந்தச் சீலைத் தாண்டிப் பின்பக்கம் கசிந்து டப்பாவுக்கே திரும்பிவிடுகிறது, அதனால்தான் வெளியே ஒரு சொட்டும் தெரியவில்லை. பெடலை ஒரே அழுத்தத்தில் பிடித்துக்கொண்டு கவனித்தால் அது மெல்ல மெல்லத் தாழ்வதைக் காலிலேயே உணரலாம். ஏர் எடுத்து இது சரியாகாது. சிலிண்டரின் உட்சுவர் கீறலில்லாமல் கண்ணாடி போல இருந்தால் ரப்பர் கிட் மட்டும் போடலாம், நகத்தில் தட்டுப்படுகிற கீறல் இருந்தால் முழு சிலிண்டரையும் மாற்றுங்கள். புதியதை மாட்டும் முன் கையிலேயே ஆயில் நிரப்பி, கம்பியை மெதுவாகத் தள்ளிக் குமிழ் எடுத்துவிட்டு மாட்டினால் தஞ்சாவூர் வாசகர் பட்ட பாடு உங்களுக்கு இருக்காது. அதுவரை சிக்னலில் நியூட்ரல் போட்டு ஹேண்ட்பிரேக்கில் நில்லுங்கள், முன்னால் யாராவது சாலையைக் கடந்துகொண்டிருக்கலாம்.

கேள்வி: எடுத்த பழைய ஆயிலை என்ன செய்வது? சாக்கடையில் ஊற்றலாமா?
வாசகி, ஈரோடு

பதில்: கூடாது, செடியிலும் கூடாது. விஷத்தன்மை உள்ளது, சற்று இனிப்பாகவும் இருப்பதால் நாய், பூனை நக்கிவிடும். மூடியுள்ள பாட்டிலில் ஊற்றி, குடிக்கிற பாட்டில் போலத் தெரியாமல் மேலே பெரிதாக எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்திருங்கள். பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம், ஆனால் என்ஜின் ஆயிலோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள்.